கையில் கேள்வி இருக்கிறதா?

வாசகர் கேள்வி பதில்: சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு

போன மாதம் எல்எல்.எம். (சட்டத்தில் முதுநிலைப் பட்டம்) முடித்தவர்களைப் பற்றி எழுதும்போது பிஎச்.டி. என்று ஒரு வார்த்தை போகிற போக்கில் வந்தது. அதற்கே இத்தனை கடிதங்கள். இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வழக்கறிஞர்: பதினோரு வருடமாகப் பிராக்டிஸ் செய்கிறேன். வயது 38. எல்எல்.எம்.மில் 57 சதவீதம். பிஎச்.டி. ஆசை விடவில்லை. வயது போய்விட்டது, வழக்கையும் விட்டுவிட வேண்டியிருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

வயது போகவில்லை. பிஎச்.டி.யில் சேர யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் உச்ச வயது என்று எதுவும் கிடையாது. 30 வயது என்று உங்கள் காதில் விழுந்திருக்குமே, அது ஆய்வு மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகைக்கு உள்ள வரம்பு, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மதிப்பெண்ணும் போதும். 2022-ஆம் வருட யுஜிசி விதிப்படி முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமிலேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு அதில் 5 சதவீதம் தளர்வு.

வழக்கை விட வேண்டுமா என்றால், பகுதிநேரமாகச் சேர்ந்தால் விட வேண்டியதில்லை. அதே 2022 விதி பகுதிநேரப் பிஎச்.டி.யை வெளிப்படையாக அனுமதிக்கிறது. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று கேட்கிறது, வக்கீலுக்கு ஏது முதலாளி, அதனால் அதற்குப் பதிலாக என்ன கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்திடம் முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். முழுநேரமாகச் சேர்ந்து உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு காலையில் கோர்ட்டுக்கும் போய் வரலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். பார் கவுன்சில் பக்கமும் பல்கலைக்கழகத்தின் பக்கமும் ஒரே நேரத்தில் சிக்கல் வரலாம்.

ஒன்றைக் கணக்கில் வையுங்கள். பகுதிநேரத்திலும் தீசிஸ் (ஆய்வேடு) அதே தீசிஸ்தான். குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க் (வகுப்புப் பாடங்கள்) உண்டு, ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னால் நின்று இதுவரை என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. கோர்ட்டில் காலையில் வழக்குகளை அழைக்கும் ‘கால் ஒர்க்’ முடிந்து, வாய்தா வாங்கி, சாயங்காலம் கட்சிக்காரர்களைப் பார்த்து அனுப்பிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று நினைத்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், எழுதி முடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் மே மாத விடுமுறையை அப்படியே ஆய்வுக்குக் கொடுத்தவர்கள். ஆறு வருடத்துக்கு ஆறு மே மாதம். வீட்டில் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம், பதினோரு வருடம் கோர்ட்டில் நின்றவருக்கு ஒரு பெரிய சொத்து இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் ஒன்று இருக்க, நடைமுறையில் வேறொன்று நடப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். எது உங்களை உறுத்துகிறதோ அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விண்ணப்பப் படிவம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: ‘முதியோர் உரிமைகளும் இந்தியச் சட்டமும்: ஓர் ஆய்வு’ என்று தலைப்புக் கொடுத்தேன். ரொம்பப் பெரிது, சுருக்கிக்கொண்டு வா என்று பேராசிரியர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். ‘தமிழ்நாட்டில்’ என்று சேர்த்தால் போதுமா?

போதாதம்மா. ஊரைச் சேர்ப்பதால் தலைப்பு சுருங்காது. அவர் திருப்பி அனுப்பியதற்காக வருத்தப்படாதீர்கள், உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். இந்தத் தலைப்போடு போனால் என்ன ஆகும் தெரியுமா? முதல் அத்தியாயம் முன்னுரை, இரண்டாவது வரலாறு, மூன்றாவது ஐ.நா. சபை, நான்காவது அரசியலமைப்பு, ஐந்தாவது சட்டப் பிரிவுகள், ஆறாவது தீர்ப்புகள், ஏழாவது ‘விழிப்புணர்வு வேண்டும்’ என்று முடிவுரை. இப்படி வந்த தீசிஸ்களை நான் தேர்வாளராக இருந்து படித்திருக்கிறேன். 350 பக்கம் இருக்கும், அதை எழுதியவருக்கு என்ன தெரிய வேண்டியிருந்தது என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொண்டு கொஞ்சம் நடந்து பார்ப்போம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அதில் 23-ஆம் பிரிவு. மூத்த குடிமகன் ஒருவர், ‘என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்கலாம். நம் ஊரில் தீர்ப்பாயம் என்பது ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது சப் கலெக்டர். இதுவரை எல்லாருக்கும் தெரியும்.

இப்போது சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் இருக்கும் பத்திரம் எழுதுபவரிடம் போங்கள். அம்மா மகனுக்கு வீட்டைத் தான செட்டில்மெண்ட் செய்கிறார். அவர் கம்ப்யூட்டரில் ஏற்கனவே ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது, பெயரையும் சர்வே நம்பரையும் மட்டும் மாற்றுகிறார். ‘உன் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்று ஆரம்பித்து, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று முடியும். என்னைக் கடைசி வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரு வரி அதில் இருக்காது. அம்மா கேட்கவில்லை, எழுதுபவர் சொல்லவில்லை, மகன் பக்கத்தில்தான் நிற்கிறான். நான்கு வருடம் கழித்து அந்த அம்மா ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏறும்போது, இல்லாமல் போன அந்த ஒரு வரிதான் வழக்கு.

உச்ச நீதிமன்றமும் இதில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2022 டிசம்பரில் வந்த ஒரு தீர்ப்பு, நிபந்தனை இருந்ததாகக் காட்டாமல் 23-ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு, இது முதியோர் நலனுக்காக வந்த சட்டம், இதைத் தாராளமாகத்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தாயின் பக்கம் நின்றது. அதே வருடம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பும் பாசமும் என்று எழுதியிருப்பதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற மறைமுகமான நிபந்தனைதான் என்று ஏற்றுக்கொண்டது.

இப்போது பாருங்கள், கேள்வி தானாக வந்து நிற்கிறது. பத்திரம் எழுதுபவரின் மாதிரி வாசகம் ஒரு தாயின் வழக்கைத் தீர்மானிக்கிறதா? இந்தத் தீர்ப்புகளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மாவட்டத்தின் ஆர்.டி.ஓ. ஆபீஸ்களில் உத்தரவுகள் மாறியிருக்கின்றனவா? சட்டம் பராமரிப்பு மனுவுக்கு, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாள் கெடு வைத்திருக்கிறது, உண்மையில் எத்தனை நாள் ஆகிறது? இந்த மூன்றில் ஒன்று போதும், மூன்று வருடத்துக்குச் சரியாக இருக்கும்.

இதை எப்படித் தேடுவது என்பதையும் சொல்கிறேன். என்னிடம் ஆய்வு செய்த ஒரு மாணவி, கலெக்டருக்கு எழுதி அனுமதி வாங்கி, கிடைக்காத இடத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தின் பதிவறையில் இரண்டு மாதம் உட்கார்ந்தாள். சிவப்பு நாடாவில் கட்டிய கட்டுகள், மேலே தூசி, ஒரே ஒரு ஸ்டூல். முதல் வாரம் உத்தரவுகளை மட்டும் குறித்துக்கொண்டு வந்தாள். மனுக்களையும் படி என்றேன். இரண்டாவது வாரம்தான் கவனித்திருக்கிறாள், பல மனுக்களில் சொத்தைத் திருப்பிக் கொடு என்ற கோரிக்கையே இல்லை, வீட்டில் ஒரு அறையும் மாத்திரை வாங்கக் காசும்தான் கேட்டிருக்கிறார்கள். தீர்ப்பாயமோ பத்திரத்தை ரத்து செய்வதா வேண்டாமா என்பதை மட்டும் விசாரித்து முடித்திருக்கிறது. கேட்டது ஒன்று, விசாரித்தது வேறொன்று. அன்று சாயங்காலம் அவள் போனில் பேசிய குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, தீசிஸ் அன்றைக்குத்தான் பிறந்தது. பெயர்கள் எதையும் அவள் எழுதவில்லை, நீங்களும் எழுதக் கூடாது, ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு எண் கொடுங்கள்.

சேலத்திலிருந்து: நெட் எழுதாமல் பிஎச்.டி. சேர முடியாதா? உதவித்தொகை எவ்வளவு?

2024 ஜூனிலிருந்து நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு மூன்று வகையாகத் தகுதி கொடுக்கிறது: ஜேஆர்எஃப்போடு, உதவிப் பேராசிரியர் தகுதியோடு, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். இரண்டாவது, மூன்றாவது வகையில் வந்தால் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 சதவீதம் என்று கணக்கிடுவார்கள், அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். சொந்தமாக நுழைவுத் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு, அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. வயது வரம்பு 30, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடம் கூடுதல். 30 ஆவதற்குள் இருக்கிறீர்கள் என்றால் முதலில் இதை எழுதுங்கள். கையில் பணமில்லாமல் நல்ல ஆய்வுகள் பாதியில் நின்றதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

விழுப்புரத்திலிருந்து: பள்ளிக்கூடம் முதல் சட்டக் கல்லூரி வரை தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் தீர்ப்பு படித்தால் தலை சுற்றுகிறது. எனக்கெல்லாம் ஆய்வு சரிப்படுமா?

‘எனக்கெல்லாம்’ என்ற வார்த்தையை முதலில் எடுத்துவிடுங்கள் தம்பி. மேலே சொன்ன மனுக்கள் எந்த மொழியில் இருந்தன? தமிழில். பத்திரம், எஃப்ஐஆர், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, சாட்சி வாக்குமூலம், பஞ்சாயத்துத் தீர்மானம், எல்லாம் தமிழ். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் அந்தக் கட்டைப் பிரித்தால் பாதிதான் புரியும். ஆய்வில் உங்களுக்குக் கிடைக்கும் மூலப்பொருள் அவருக்குக் கிடைக்காது.

தீர்ப்பு படிப்பது பழக்கம்தான். தினமும் ஒன்று, அவ்வளவே. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்து இணையத்தில் போடுகிறது. ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பத்தி பத்தியாகப் படியுங்கள். முதல் மாதம் ஒரு தீர்ப்புக்கு மூன்று நாள் ஆகும், ஆகட்டும். பிறகு எழுதும்போது சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், நீட்டி முழக்கிய ஆங்கிலத்தை எந்தத் தேர்வாளரும் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்: மூன்று வருடம் ஆகிவிட்டது, ஒரு அத்தியாயம்கூட முடியவில்லை. பணம் கொடுத்தால் முழுதாக எழுதித் தருகிறோம் என்று ஒருவர் அணுகுகிறார். நிறையப் பேர் செய்கிறார்களாம்.

செய்யாதீர்கள். உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லப் போவதில்லை, ஆனால் இதைத் தயவு செய்து கேளுங்கள். 2018-ஆம் வருட யுஜிசி விதி தெளிவாக இருக்கிறது: மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 40 வரை போனால் திருத்தி ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு தெரிந்தாலும் விடமாட்டார்கள். உங்கள் தீசிஸ், ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் உலகமே படிக்கும்படி கிடக்கும், இருபது வருடம் கழித்துக்கூட ஒரு மாணவர் கண்டுபிடிக்கலாம்.

ஏஐ-யைக் கேட்டு எழுதிக்கொள்ளலாமா என்றும் இதே கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 2023-இல் நியூயார்க்கில் என்ன நடந்தது தெரியுமா? சாட்ஜிபிடி சொன்ன வழக்குகளை வழக்கறிஞர்கள் அப்படியே தாக்கல் செய்தார்கள், அந்த வழக்குகளே உலகத்தில் இல்லை, 5,000 டாலர் அபராதம். ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டினால் அந்தத் தீர்ப்பை நீங்கள் திறந்து படித்திருக்க வேண்டும். இ-எஸ்சிஆர் தளத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

தண்டனையை விடுங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் ஒருவர், ‘இரண்டாவது அத்தியாயத்தில் இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று சாதாரணமாகத்தான் கேட்பார். எழுதியவருக்கு அது நிம்மதியான கேள்வி, எழுதாதவர் அந்த இடத்தில் வாய் உலர்ந்து நிற்பார். ஒரு முறை அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மூன்று வருடத்தில் ஒரு அத்தியாயம்கூட வரவில்லை என்றால், அநேகமாக உங்கள் கேள்வி சரியில்லை அல்லது அது உங்களுடைய கேள்வியே இல்லை, யாரோ கொடுத்தது. கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) போய் உண்மையைச் சொல்லுங்கள். ஆலோசனைக் குழுவிடம் எழுதிக் கொடுத்துத் தலைப்பைத் திருத்துவது கேவலம் இல்லை, அதற்காகத்தான் அந்தக் குழு இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து: பிஎச்.டி. முடித்தால் வேலை நிச்சயமா?

நிச்சயம் இல்லை. சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக நுழைய 2023 ஜூலையிலிருந்து நெட், மாநில அளவிலான செட் போன்ற தகுதித் தேர்வுதான் அடிப்படைத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. அடுத்த படியான இணைப் பேராசிரியர் பதவிக்குப் பிஎச்.டி. வேண்டும். வக்கீலாக இருந்துகொண்டே பாடம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி உண்டு, வழக்கறிஞர்களுக்கான 1979-ஆம் வருட விதி ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்க அனுமதிக்கிறது. வேலைக்காக மட்டும் என்றால் முதலில் நெட் எழுதுங்கள், ஆய்வைப் பிறகு யோசிக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: இரண்டாவது வருடத்தில் இருக்கிறேன். குழந்தை பிறக்கப் போகிறது, கணவருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல். கைடுக்கும் ஓய்வு நெருங்குகிறது. விட்டுவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.

வாழ்த்துகள் முதலில். விட்டுவிட வேண்டியதில்லை, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பெண்களுக்கு வழக்கமான காலத்துக்கு மேல் இன்னும் இரண்டு வருடம் கூட்டித் தரலாம், எல்லாம் சேர்த்து அதிகபட்சம் பத்து வருடம். திருமணம் போன்ற காரணத்தால் இடம் மாற வேண்டி வந்தால், இதுவரை செய்த ஆய்வை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் 2022 விதியில் இடம் இருக்கிறது, புதிதாக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. கைடு ஓய்வு பெற்றாலும் 70 வயது வரை இணை வழிகாட்டியாகத் தொடரலாம். (இன்னும் சேராதவர்கள் கவனிக்க: ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குக் குறைவாக உள்ளவர் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ள முடியாது. பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரை வைத்துக்கொள்ளலாம், அவரிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.)

இவை எல்லாவற்றையும் வாய் வார்த்தையாகக் கேட்காதீர்கள், ஆய்வுப் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். குழந்தை பிறப்பதற்கு முன்னால் ஒரு வேலை மட்டும் முடித்துவிடுங்கள்: இதுவரை சேர்த்த குறிப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் போட்டு, எந்த அத்தியாயத்தில் எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள், அடுத்து எதைப் படிக்க நினைத்தீர்கள் என்று இரண்டு பக்கம் உங்களுக்கே ஒரு கடிதம் மாதிரி எழுதி முதல் பக்கமாக வையுங்கள். எட்டு மாதம் கழித்து, குழந்தை தூங்குகிற ஒரு மத்தியானத்தில் திறந்து பார்த்தால், விட்ட இடம் தெரியும்.